பிக்குகளில் உண்மையான பொதுச் சேவை செய்தவர்கள் உண்டா? மாதுலுவாவே சோபித தேரரை இலங்கைத் தமிழர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு தம்பியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இலங்கைப் பிக்கு என்றாலே உங்களுக்குக் கண்ணில் வருவது மைக்கைப் பிடித்துக் கத்துகிற ஒரு காவி உடைதான். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் பத்திரிகைகளும் அந்தப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் போடும்.

இருபது சொல்லில் பதில் வேண்டுமென்றால்: உண்டு, சோபித தேரர் அப்படி ஒருவர், ஆனால் இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் அவரை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. என் வீட்டிலேயே இரண்டு பார்வை இருந்தது.

தொடங்குமுன் ஒன்று. நான் பௌத்தப் பெண் இல்லை, எந்தக் கட்சிக்காரியும் இல்லை. "சிங்களவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று எழுத வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

சோபித தேரர் 1942 மே 29இல் பாதுக்கைப் பக்கம் மாதுலுவாவ கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே துறவறம். பின்னாளில் கோட்டே நாக விகாரையின் விகாராதிபதி. நல்ல பேச்சாளர். என்னோடு வேலை செய்த சிங்களத் தோழியின் அம்மா, இவருடைய 'பண' (பௌத்த அறவுரை) என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாராம். விகாரையோடும் உபதேசத்தோடும் நின்றிருந்தால் எல்லா இனத்தாரும் வணங்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் நிற்கவில்லை. 1978 அரசியலமைப்பு ஜனாதிபதி என்ற ஒரு மனிதனின் கையில் கொடுத்த அதிகாரம் நாட்டைக் கெடுக்கும் என்பது அவருடைய பிடி. ஜே.ஆர். ஜயவர்த்தன காலத்தில் தொடங்கி மகிந்த ராஜபக்ச காலம் வரை அந்தப் பிடியை விடவில்லை.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தை எதிர்ப்பது என்றால் என்ன என்று விளங்க ஒரு வழக்கைச் சொல்கிறேன். இது அவருடைய வழக்கு அல்ல, அந்தக் காலத்தின் வழக்கு. 1982 டிசம்பரில் தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க ஜே.ஆர். சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார். பிக்குகளும் கிறிஸ்தவப் பாதிரிமாரும் சேர்ந்திருந்த 'பெவிதி ஹண்ட' என்ற அமைப்பு அதை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் அடித்தது. ஒரு பொலிஸ் அத்தியட்சகர் அவற்றைப் பறிமுதல் செய்தார். அமைப்பின் செயலாளரான தரமிட்டிபொல ரத்தனசார தேரர் உயர் நீதிமன்றத்துக்கு (உங்கள் ஊர் உச்ச நீதிமன்றம் மாதிரி, நாட்டின் மேலான நீதிமன்றம்) போனார், வென்றார், 10,000 ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது, நட்டஈட்டையும் தானே கட்டியது. நீதிமன்றத்தின் முகத்தில் அடித்த மாதிரி. இப்படி ஒரு காலத்தில்தான் சோபித தேரர் போன்றவர்கள் மேடை ஏறினார்கள். அதிகாரத்தில் இருப்பவர் விகாரைக்கு வந்தால் பிரித் நூல் (பௌத்த மந்திரம் ஓதிய காப்பு நூல்) கட்டி ஆசீர்வதித்து அனுப்புவது சுலபம். அந்தச் சுலபமான வேலையைச் செய்ய இந்த நாட்டில் ஆள் பஞ்சமே இல்லை.

சரி, இனி எங்கள் வீட்டுக் கதை.

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்த்தவர். நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில். 83 யூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். அதனால் யூலை மாதம் என்றாலே அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கும்.

1987 யூலையில் ராஜீவ் காந்தி வந்து இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்திடப் போகிறார் என்ற செய்தி. அதற்கு முதல் நாள், 28ஆம் திகதி, புறக்கோட்டை அரச மரத்தடியில் எதிர்க்கட்சிக்காரரும் பிக்குகளும் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க வந்திருந்தார். சோபித தேரரும் இருந்தார். கூட்டம் பெருத்தது, பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின, பஸ்கள் எரிந்தன, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அப்பாவின் கடையில் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்களாம். வெளியில் ஓடுகிற கால்கள் மட்டும் தெரிந்தன என்பார். செருப்பில்லாத கால்கள், சப்பாத்துக் கால்கள், ஒரு காவி விளிம்பு. இருட்டின பிறகு முதலாளியின் சிங்கள லொறிச் சாரதிதான் அப்பாவைக் கொட்டாஞ்சேனை வரை நடந்து வந்து விட்டுவிட்டுப் போனார். அம்மா கதவைத் திறந்தபோது அப்பாவின் சட்டை முழுக்க மிளகாய்த் தூள். கிட்டப் போன எல்லோருக்கும் தும்மல். அழுகிறோமா தும்முகிறோமா என்று தெரியாத ஒரு இரவு அது.

அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், மாகாண சபையும், தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற ஏற்பாடும் வந்தன. அதன் பின்னால் இந்திய இராணுவம் வந்து நடந்ததெல்லாம் வேறு கதை, அதற்கு வேறு கேள்வி கேளுங்கள். ஆனால் எங்களுக்குக் கிடைக்கவிருந்த கொஞ்சத்தையும் தடுக்க மரத்தடியில் வந்து உட்கார்ந்தவர் என்பதுதான் அப்பாவின் கணக்கில் சோபித தேரர். அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் காலம் போனது. போர் 2009இல் முடிந்தது. 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் வந்து, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடையையும் தூக்கிவிட்டது. வெற்றி மயக்கத்தில் நாடே வாய் மூடி இருந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு தமிழர் வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாய் திறந்தவர் சிங்களப் பிக்கு, அதுவும் தேசியவாதி என்று பெயர் எடுத்தவர். நீதியான சமூகத்துக்கான தேசிய இயக்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழி என்பதை ஊர் ஊராகச் சொன்னார். 2014இல் எதிரணியின் பொது வேட்பாளராக அவருடைய பெயரே அடிபட்டது. கடைசியில் மைத்திரிபால சிறிசேன நின்றார், 2015 ஜனவரி 8இல் வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நாலில் மூன்று பங்கு வாக்கு அந்தப் பக்கம்தான் போனது, மட்டக்களப்பில் அதைவிடக் கூட. ஒரு பிக்கு கேட்ட மாற்றத்துக்குத் தமிழர்கள் வரிசையில் நின்று புள்ளடி போட்டார்கள். இதை இரண்டு பக்கத்திலும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

ஏப்ரல் 28இல் 19ஆவது திருத்தம் நிறைவேறியது. இரண்டு தடவை எல்லை திரும்பி வந்தது, சுயாதீன ஆணைக்குழுக்கள் வந்தன. ஜனாதிபதிக் கதிரை மட்டும் அப்படியே இருந்தது. அந்த நவம்பர் 8இல் தேரர் சிங்கப்பூரில் காலமானார், 73 வயது.

நான் அப்போது ராஜகிரியவில் ஒரு அலுவலகத்தில் வேலை. நாக விகாரை கிட்டத்தான். சிங்களத் தோழி போகலாமா என்று கேட்டாள், போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "போ பிள்ளை, ஆனா எனக்கு அந்தக் கால்கள் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது" என்றார். அதற்கு மேல் என்னத்தைக் கதைப்பது?

மழைக்கால மப்பு. கோட்டே வீதி முழுக்கச் செம்மஞ்சள் கொடி. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளை உடுப்போடு வரிசையில் நின்றோம். எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஒரு மௌலவி, பின்னால் முச்சக்கர வண்டிக்காரப் பெடியங்கள். பக்கத்தில் நின்ற வயதான சிங்கள அம்மா என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, தமிழா மகள் என்று கேட்டார். ஓம் என்றேன். குடையை என் பக்கம் சரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தன் மூத்த மகனை 89இல் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் வரிசை நகர நகர அதே யோசனைதான். 87இல் அந்த ஒப்பந்தத்துக்கு எதிராகக் கிளம்பிய அலையில்தான் சிங்கள இடதுசாரி அமைப்பான ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி பெருத்தது. அதை நசுக்கத்தான் ஆயிரக்கணக்கான சிங்களப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இருந்த என் அப்பாவையும் இந்த அம்மாவின் மகனையும் ஆட்டிவைத்தது ஒரே யூலை. தேரரை அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பாக்குகிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். தெருவில் தொடங்குவது தெருவில் நிற்பதில்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர் கத்தியைத் தீட்டும் கூட்டங்களை விட்டு, சட்டத்தைத் திருத்தும் கூட்டங்களுக்குப் போனதற்கு இதெல்லாம் காரணமா என்று எனக்குள் ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான்.

நவம்பர் 12இல் பாராளுமன்ற மைதானத்தில் அரச மரியாதையோடு தகனம். பூதவுடலுக்கு முன்னால் நின்று சிறிசேன, நிறைவேற்று அதிகாரத்தை ஒழிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒழிக்கவில்லை. அவருக்கு முன்னால் கொடுத்தவர்களும் ஒழிக்கவில்லை.

நான் போன விஷயத்தைத் தோழி படத்தோடு போட, அது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கனடாவில் இருக்கிற சித்தப்பா ஒருவர் என்னைத் துரோகி ஆக்கிவிட்டார். மூன்று குரல் பதிவு, ஒவ்வொன்றும் ஒரு பிரசங்கம். இவர் ஊரை விட்டுப் போனது 84இல். கொழும்பில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றது நாங்கள். சொன்னால் சொல்லட்டும் என்று விடலாம், ஆனால் இதே மனிதரின் ஊர்க் காணிக்கு வருசா வருசம் வேலி அடைப்பது என் அம்மா. காசு அனுப்பச் சொன்னால் "அடுத்த மாதம்" என்பார். கதியால் (வேலிக்கு நடுகிற தடி) என்ன விலை, கூலி என்ன விலை என்று அவருக்குத் தெரியுமா? பக்கத்துக் காணிக்காரன் ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டான் என்று நடுச்சாமத்தில் அழைப்பெடுத்துச் சண்டை பிடிக்க மட்டும் தெரியும். இனத்தைக் காப்பாற்றுவதை விடுங்கள் சித்தப்பா, முதலில் வேலிக் காசை அனுப்புங்கள். (அவர் இந்தத் தளத்தில் இருக்கிறார் என்று தெரியும். வாசிக்கட்டும்.)

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அவர் செய்தது வீணாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது 2018இல். சிறிசேன ஒக்டோபரில் பிரதமரைத் தூக்கினார், நவம்பரில் பாராளுமன்றத்தையே கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். அவர்கள் கையில் எடுத்தது அந்த 19ஆவது திருத்தத்தைத்தான். தேரர் மேடை மேடையாகக் கேட்டதில் கிடைத்த பாதி, பூதவுடலுக்கு முன்னால் வாக்குக் கொடுத்த அதே ஆளைக் கட்டிப் போட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அந்த வழக்கில் மனுதாரராக நின்றது. வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "இதுக்கு உன்ர ஹாமுதுருவும் (பிக்குவும்) ஒரு காரணமோ?" ஓம் அப்பா என்றேன். ஒன்றும் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அவர் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை.

2020இல் 20ஆவது திருத்தம் வந்து பலதைத் திருப்பிப் பறித்ததும், பொருளாதாரம் விழுந்த பிறகு 2022இல் 21ஆவது திருத்தம் கொஞ்சத்தை மீட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவை தனிக் கதை.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புகழ்பாட்டு ஆகிவிடும். அவருடைய இயக்கத்தின் பட்டியலில் ஜனாதிபதி முறை முதலில் இருந்தது. தமிழருக்கான அதிகாரப் பகிர்வு முன்வரிசையில் இருக்கவில்லை. அதை முன்னால் வைத்திருந்தால் தெற்கில் ஒரு மண்டபம்கூட நிறைந்திருக்காது என்பார் தோழி. இருக்கலாம். ஆனால் "முதலில் இது, பிறகு உங்களுடையது" என்பதை நாங்கள் சுதந்திரம் கிடைத்த நாளில் இருந்து கேட்கிறோம். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு இந்த மனத்தாங்கலும் உண்டு. இரண்டும் ஒரே ஆளில் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

கடைசியாக, பின்னூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு. 1987ஐ நினைவூட்ட வேண்டாம், மேலே எழுதியிருக்கிறேன். 2004இல் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் போனதைக் கொண்டுவர வேண்டாம், அந்த ஒன்பது பேரில் அவர் இல்லை. அப்போதைய பிரதமர் பண்டாரநாயக்க வீட்டு வாசலில் பிக்குகள் உட்கார்ந்து, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் செய்த உடன்படிக்கையைக் கிழிக்க வைத்த 1958 ஏப்ரலை இவர் தலையில் கட்டவும் வேண்டாம். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட ஆகியிருக்கவில்லை.