எழுப்பாத பிள்ளை

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது, முதலாம் படிவம் படிக்கிறாள். போன ஆண்டுப் பள்ளி விடுமுறையில் இரண்டு முயல் வாங்கிக் கொடுத்தோம். இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். போன வாரம் ஒன்று குட்டி போட்டது. ராத்திரி ஒரு மணிக்கே முக்க ஆரம்பித்திருக்கிறது. முதல் குட்டி பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டதாம். மகளே கையால் இழுத்து எடுத்திருக்கிறாள், அது செத்துக் கிடந்ததாம். அப்பாவுக்குக் காலை ஷிப்ட் என்று எங்களை எழுப்பவே இல்லை, அவ்வளவு பொறுப்பான பிள்ளை. ஆறு மணிக்கு நான் எழுந்தபோது சமையலறைத் தரையில் முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குக் கிளினிக் திறந்ததும் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, இன்னும் மூன்று குட்டி வந்தது. அதில் ஒன்று செத்துவிட்டது. மொத்தம் 380 வெள்ளி செலவு. "முயலுக்கு இவ்வளவா, யாருக்காவது கொடுத்துவிடு" என்று கணவர் கோபப்படுகிறார். மகளும் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஆணும் பெண்ணும் இப்போதும் ஒரே கூண்டில் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. அடுத்த முறை இப்படி ஆனால் வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? முயலை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?
— ஒரு தாய், ஜெலுத்தோங்

பதில்: தங்கச்சி, இதை மேலே படிக்கும் முன் எழுந்துபோய் ஆண் முயலை வேறு கூண்டில் போட்டுவிட்டு வாருங்கள். முயல் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினைப்படும். ஆணோடு சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளியாகும், அதனால் பருவம் பார்த்துக் காத்திருக்கிற பேச்சே இல்லை. சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். குட்டி போட்ட ராத்திரியிலிருந்து எண்ணி நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். நீங்கள் கேட்கும் 'அடுத்த முறை' அநேகமாக அந்த வட்டத்தில் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

முயலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. "எங்களை எழுப்பவே இல்லை, அவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று பெருமையாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை ஐந்து மணி நேரம். உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து படுக்கையறைக் கதவு எத்தனை அடி இருக்கும்? பதினைந்து? ஒரு ஜீவன் கண் முன்னால் துடிக்கிறது, குட்டி பாதியில் நிற்கிறது, கையெல்லாம் ரத்தம். அப்படி இருந்தும் அந்தப் பதினைந்து அடியை நடந்து வந்து "அம்மா" என்று கூப்பிட உங்கள் மகளுக்குத் தைரியம் வரவில்லை. இதை நீங்கள் பொறுப்பு என்கிறீர்கள். நான் பயம் என்கிறேன்.

அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? முயல் வாங்கிய அன்றைக்கு, "இது உன் பொறுப்பு, அப்புறம் எங்களிடம் வந்து நிற்கக் கூடாது" என்று உங்களில் ஒருவர் சொல்லியிருப்பீர்கள். பூனையோ மீன்தொட்டியோ, எது வாங்கிக் கொடுத்தாலும் நம் வீடுகளில் இந்த வாக்கியத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். நீங்கள் அன்றைக்கே மறந்திருப்பீர்கள். பிள்ளை மறக்கவில்லை. கூடவே, "அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே" என்பதையும் நாள்தோறும் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

இந்தப் பகுதிக்கு இதே கடிதம் எத்தனையோ உருவத்தில் வந்திருக்கிறது. இழுப்பு வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்த பையன். வயதுக்கு வந்த அன்று விடியற்காலையில் தானே விரிப்பைத் துவைத்துக் காயப்போட்ட பெண். எல்லாத் தாய்மாரும், "தொந்தரவே தராத பிள்ளை" என்றுதான் எழுதுகிறார்கள். பெற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் பிள்ளை வேறு யாரைத் தொந்தரவு செய்யும்?

நான் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார் (ரப்பர் பால் எடுக்கும் வேலை), விடியற்காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அம்மா நாலைந்து வெள்ளாடு வைத்திருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓர் ஆடு ராத்திரி கத்த ஆரம்பித்தது. நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், யாரையும் எழுப்பவில்லை. சத்தம் கேட்டு அம்மா தானாக எழுந்து போனார். நான் விளக்குப் பிடித்தேன். குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஆடு முக்கும்போது மட்டும் மெல்ல இழுத்தார். அது முக்காமல் மூச்சு வாங்கும்போது கையை அசைக்காமல் வைத்திருந்தார். குட்டி பிழைத்தது. காலையில் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, நான் முன்னமே விழித்திருந்தேன் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்து உலுக்கினார். "ஏன் எழுப்பல?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எழுப்பாததுதான் குற்றம். அவரும் நாலு மணிக்கு எழுகிற மனுஷர்தான்.

மகள் சரியாகப் பேசுவதில்லை என்கிறீர்கள். அவள் அந்தக் குட்டியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் யாராவது உட்கார்ந்து அவளிடம் கேட்டீர்களா? வழியில் நெடுநேரம் மாட்டிக்கொண்ட குட்டி பெரும்பாலும் உள்ளேயே மூச்சு விட முடியாமல் போய்விடும், இழுத்ததால் சாவதில்லை. அதை அவள் எடுத்திருக்காவிட்டால் பின்னால் இருந்ததற்கு வழியே கிடைத்திருக்காது. பிழைத்த இரண்டு குட்டிக்கும் அவள் கை காரணம். இதை அவளிடம் சொல்லுங்கள். வாட்சப்பில் அனுப்ப வேண்டாம். முகத்தைப் பார்த்து, இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். சுகப்பிரசவம் என்றால் முயலுக்கு நம் கையே தேவையில்லை. தாடைக்கடியிலும் வயிற்றிலும் இருக்கும் ரோமத்தைப் பிய்த்து, காய்ந்த புல்லோடு சேர்த்துக் கூடு கட்டும். பெரும்பாலும் விடியற்காலை இருட்டில், அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஒரு பெட்டி, நிறையப் புல், தண்ணீர், அமைதி இவை போதும். முயலுக்குக் கஷ்டப் பிரசவம் அரிது. வந்தால், அநேகமாகக் குட்டிகள் குறைவாக இருந்து ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்திருக்கும், அல்லது தாய் மிகக் கொழுத்திருக்கும், அல்லது மிகச் சின்ன வயதாக இருக்கும்.

அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லையா, பாதியில் நிற்கிறதா, ரத்தமோ பச்சையும் பழுப்புமான நீரோ வடிகிறதா, 33 நாள் தாண்டியும் போடவில்லையா, உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாதி வெளியே வந்த குட்டியை, சுத்தமான வழவழப்பான கையால், தாய் முக்கும்போது அதோடு சேர்த்துக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். அந்த டாக்டர் போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ரே பார்த்து வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு போடுவது அது. குட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது போட்டால் கருப்பை கிழியக்கூடும்.

எந்த டாக்டர் என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்குகள் நிறைய. போன் செய்து கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா, வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுப்பீர்களா, ராத்திரியில் வந்தால் கதவு திறப்பீர்களா? தீவிலேயே ஆள் இருக்கிறாரா, பாலம் தாண்ட வேண்டுமா என்று முன்பே தெரிய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து தேடக் கூடாது. நம்பரைக் குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கொண்டுபோகும்போது தாயை இருட்டான பெட்டியில் துண்டு போட்டு வையுங்கள், பகலானால் காடியில் ஏர்கோன் கட்டாயம், நம் ஊர் வெயிலை முயல் தாங்காது. பிறந்த குட்டிகளை அந்த ரோமத்தோடு தனிப் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைக்க வேண்டும். அவை ரோமமில்லாமல் பிறப்பவை, தம் உடம்புச் சூட்டைத் தாமே காக்க முடியாது.

இப்போதுள்ள இரண்டு குட்டிகளுக்கும் தினமும் காலையில் வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தாய் ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தாய் 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தால் அதுவும் டாக்டரிடம் ஓட வேண்டிய விஷயம்.

அடுத்தது கணவரின் 380 வெள்ளி. அவர் உழைக்கிற காசு, வலிக்கத்தான் செய்யும். ஆனால் முயலை வாங்கியது 13 வயதுப் பிள்ளை இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் நீங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் உரிமையாளரைத்தான் கேட்கும், வலியிலும் நோயிலும் இருந்து காக்கும் கடமை உங்களுக்குத்தான். பொறுப்பைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லி அதை முழுதாக அவள் தலையில் இறக்கிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. புல் போடுவதும் கூண்டு கழுவுவதும் அவள் வேலையாக இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து வருகிற ராத்திரி பெற்றவர்களுடையது.

கொடுப்பதா என்றால், இப்போது கூடாது. பால் கொடுக்கும் தாயையும் எட்டு வாரம் நிறையாத குட்டிகளையும் இடம் மாற்ற முடியாது. அதைவிட, இப்போது கொடுத்தால் உங்கள் மகள் அதை எப்படிப் படிப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். சொன்னால் முயல் போய்விடும் என்று பயந்து சொல்லாமல் இருந்தாள். சொல்லாமல் இருந்தும் முயல் போயிற்று. இனி அவள் எதையாவது உங்களிடம் சொல்வாளா?

ஆணுக்குக் கருத்தடை செய்யுங்கள், செய்த பிறகும் ஆறு வாரம் தனியாகவே இருக்கட்டும், அதுவரை சினைப்படுத்தும் சக்தி மிச்சம் இருக்கும். பெண்ணுக்கும் குட்டிகள் பால் மறந்த பிறகு செய்துவிடலாம், செய்யாத பெண் முயல்களுக்கு வயதாகும்போது கருப்பையில் புற்று வருவது அதிகம். மறுபடி சினையா என்பதைப் பத்துப் பதினாலு நாளில் டாக்டர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார்.

சினைதான் என்றால், நாட்காட்டியில் போட்ட வட்டத்துக்கு முன்னால் இரண்டு ராத்திரி, பின்னால் இரண்டு ராத்திரி, யார் எழுந்து பார்ப்பது என்று பெயர் எழுதுங்கள். உங்கள் பெயர், கணவர் பெயர். அவருக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு ராத்திரியாவது அவர் எழட்டும், மகள் அதைப் பார்க்க வேண்டும். அவள் பெயரை எழுதாதீர்கள். அவள் தானாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

இன்னொன்று, உங்கள் படுக்கையறைக் கதவை ராத்திரியில் பூட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. பூட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றைக்கு அதைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.