பழைய காருக்குக் கிடைக்காத உதிரிபாகங்களை எங்கே, எப்படித் தேடுவது?

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் முதல் நாள் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். கடை கடையாக ஏறி, "ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஸ்பேர் இருக்கா?" என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு கடைகளில் தலையாட்டல்தான் பதில். ஒருவர் மட்டும் வாய் திறந்து, "ஹெரால்டா? அதையெல்லாம் எப்பவோ உருக்கி, கம்பியாக்கி, வீடே கட்டி முடிச்சிருப்பாங்க சார்" என்றார். திரும்பும் வழியில் ஒரு சின்னக் கடை. உள்ளே இருந்த பெரியவர், "வண்டிப் பேரை விடுங்க தம்பி. என்ன சாமான் வேணும்? பழசைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கொண்டு போகவில்லை. "போய் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் கிட்டத்தட்ட அதுதான். வண்டிப் பேரைச் சொல்லித் தேடாதீர்கள், பொருளைக் காட்டித் தேடுங்கள்.

என்னிடம் இருப்பது மாமனார் வைத்திருந்த 1970 ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் 1971 வரை இங்கே தயாரித்தது. 948 சி.சி. என்ஜின். அந்தக் கம்பெனியே 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆக, 'கம்பெனி ஸ்பேர்' என்ற ஒன்று கிடையாது.

ஆனால் எந்தக் கார் கம்பெனியும் காரின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. முகப்பு விளக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் அதே அளவுதான், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மின்சாதனங்கள் லூகாஸ் கம்பெனியுடையவை, பிரேக் கர்லிங் கம்பெனியுடையது. சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் 1961லும் பிரேக்ஸ் இந்தியா 1962லும் ஆரம்பித்து, அந்தக் கால இந்தியக் கார்கள் பலவற்றுக்கும் இவற்றைச் செய்து கொடுத்தன. என்ஜினின் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு பாயிண்ட் தேடி ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் அம்பாசடருக்கு என்று எழுதிய டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்த வண்டி, அதன் சாமான் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. உங்கள் வண்டியோடு ஒட்டிப் பிறந்த, அதைவிட அதிகம் விற்ற வண்டி எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதி வேலை முடிந்தது.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் வண்டிப் பெயரே தேவையில்லை. பேரிங்கின் ஓரத்தை மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தால் நம்பர் வெட்டியிருக்கும். சீலில் நம்பர் அழிந்திருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எடுத்துப் போங்கள். கார் ஸ்பேர் கடையை விட மில் மெஷின்களுக்கு பேரிங் விற்கும் கடைகளில் சீக்கிரம் கிடைக்கிறது.

போல்ட்டு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிய 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதேபோல் இருக்கும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும். மரையின் இடைவெளி வேறு என்பதால் அப்புறம் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பையன் ஸ்பானரைப் போட்டு ஒரு திருகு திருகினால் போதும், உள்மரை மொத்தமும் போச்சு. என் வண்டியில் இப்படி மூன்று இடங்களைக் கெடுத்து, பிறகு லேத்தில் கொடுத்துச் சரிசெய்தேன்.

இனி, என்னை உண்மையிலேயே பயமுறுத்திய சாமான். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் போய்த் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழல்கிறது. அதற்கு விட வேண்டியது 90ஆம் நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் எந்த இணைப்பைப் பார்த்தாலும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். கிரீஸ் உள்ளே இறுகி, தண்ணீர் புகுந்து, மரை துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறியும். சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். எனக்கு அது நடந்தது வீட்டு வாசலில், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. சாலையில் நடந்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு மட்டும் புதுப்பேட்டையும், சென்னையின் இன்னொரு ஸ்பேர் கடைத்தெருவான ஜி.பி. ரோடும் கைவிரித்துவிட்டன. ஆனால் இதே பாகம்தான் 1980 வரை தயாரான டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருக்கிறது. லோட்டஸ் ஈலானின் முன் சக்கரத்தைத் தாங்குவதும் இந்த டிரயம்ஃப் தண்டுதான். அந்த வண்டிகளை ஆசை ஆசையாக வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் ஏராளம், அதனால் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். டிரயம்ஃப் பாகங்களுக்கு 'ஸ்டான்பார்ட்' என்று ஆறு இலக்க எண் உண்டு. பாகங்களின் பட்டியல் புத்தகத்தில் எண்ணைப் பார்த்து ஆர்டர் போட்டேன்.

வந்த பார்சலில் இரண்டும் ஒரே பக்கத்துக்கானவை! இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும், ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. தவறு கடைக்காரர்மேல்தான், மாற்றியும் கொடுத்தார். ஆனால் கூரியரும் சுங்க வரியும் சேர்த்து, பொருளின் விலையைப் போல இன்னொரு மடங்கு என் கையிலிருந்து போனது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் தேவைகளைச் சேர்த்துவைத்து ஒரே பார்சலாக வாங்குங்கள். எந்தப் பக்கம், எந்த மரை என்று படத்தோடு எழுதிக் கேளுங்கள்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று யாராவது காட்டினால் உடனே மயங்கிவிடாதீர்கள். கியர், தண்டு, குரோம் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். ஐம்பது வருடம் டப்பாவுக்குள்ளேயே இருந்தாலும் ரப்பர் செத்துத்தான் போயிருக்கும். பிரேக் ஆயிலைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பைப் பழைய சரக்கில் வாங்கி மாட்டிவிட்டு இறக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் பேப்பர் கேஸ்கெட்டைத் தேடவே வேண்டியதில்லை. ஷீட் வாங்கி அந்த இடத்தின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தை மெல்லத் தட்டினால் அச்சாக வெட்டுப்பட்டு வந்துவிடும். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். புஷ், பின், பித்தளைச் சாமான் போன்றவற்றை லேத்தில் செய்துகொள்ளலாம், கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்தால் வார்த்தே தருவார்கள். ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்டதை மட்டும் எந்தப் பட்டறையிலும் புதிதாகச் செய்யச் சொல்லாதீர்கள். தெரியாத இரும்பில் உயிரை வைக்க முடியாது.

எதுவும் சரிப்படாமல் நின்றது கதவு. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு கார்களுக்கு இரண்டு கதவுதான். குடும்பத்தோடு போக வசதியாக நான்கு கதவு வைத்தது நம் மெட்ராஸ்காரர்கள். பெருமைதான். ஆனால் பின்கதவுக்கு உலகத்தில் வேறெங்கும் ஸ்பேர் கிடையாது என்பதும் அதனால்தான். ஒரே வழி, இன்னொரு செத்த ஹெரால்டு. இரண்டு வருடம் விசாரித்து, ஒரு பழைய வீட்டின் மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த ஒன்றைப் பிடித்தேன். அடித்தகடு முழுக்க அரித்துப்போய்விட்டது, ஆனால் கதவுகள் நன்றாக இருந்தன. இப்படி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தையும் விற்பவரின் கையெழுத்தோடு ஒரு ரசீதையும் விடாமல் வாங்கிவிடுங்கள். நாளைக்கு சேசிஸ் நம்பரைக் காட்டி யாரும் உங்களைக் கேள்வி கேட்கக் கூடாது.

கிடைக்கவில்லை என்ற எரிச்சலில் வேறு என்ஜினை ஏற்றும் யோசனை வந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2021 விதிகளின்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் அசலாக இருந்தால்தான் அது செல்லும். மாருதி என்ஜின் வைத்த ஹெரால்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டச் சுகம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் வண்டியில் இன்னும் ஒரு குறை பாக்கி. பின் இடதுகதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டர் மெஷின் பல் தேய்ந்துவிட்டது. கொட்டகையில் கிடைத்த வண்டியிலும் அதே பக்கம்தான் போயிருந்தது! இப்போதைக்குக் கதவுக்குள் ஒரு தேக்குக்கட்டை கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது அது கிடந்தால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். தேய்ந்ததை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.