இரவு ஷிப்ட் வேலை பற்றி ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் கவலை பாதி, கோபம் பாதி. மகன் மின் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறார். மென்பொருள் நிறுவனம் ஒன்று கொடுத்த பணி ஆணையை வைத்துக்கொண்டே, சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் ஷிப்ட் பொறியாளராகச் சேர்வேன், பிறகு மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் எரிசக்தித் தணிக்கையாளர் ஆவேன் என்று நிற்கிறார். "ஏசி மெஷின் பார்க்கவா பி.இ. படிக்கவைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏசி மெஷினும் பார்க்கத்தான் வேண்டும். அதில்தான் காசு இருக்கிறது.

தரவு மையம் என்பது இணையச் சேவைகளை நடத்தும் சர்வர் கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிய கட்டடம். அங்கே சர்வர்கள் குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை இரவும் பகலும் வெளியேற்றியாக வேண்டும். இணையத்தைக் கொண்டுவரும் கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் தரவு மையங்கள் பெருகுகின்றன. ஆனால் இங்கே வெக்கையும் புழுக்கமும் அதிகம். வட ஐரோப்பாவில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றை வைத்தே சமாளித்துவிடுவார்கள். நமக்கு மார்கழியிலும், நீரைக் குளிரவைத்து அனுப்பும் சில்லர் எந்திரம் ஓட வேண்டும்.

இந்தத் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் எண் பி.யூ.இ. மையம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, சர்வர் முதலான கணினிக் கருவிகள் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் அது வரும். சர்வர்கள் 1,000 கிலோவாட் இழுக்க, மையம் மொத்தமாக 1,700 கிலோவாட் இழுத்தால் பி.யூ.இ. 1.7. அதை 1.5-க்குக் கொண்டுவந்தால் மணிக்கு 200 யூனிட் மிச்சம், ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 1.4 கோடி ரூபாய். இந்தத் தொகையைக் கண்டுபிடித்துக் காட்டத்தான் தணிக்கையாளரை அழைக்கிறார்கள்.

எப்படிக் காட்டுவார்? அலுவலக நாற்காலியிலிருந்து அல்ல. குளிர்நீர்க் குழாயில் ஓட்டமானியைக் கட்டி, சில்லர் ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் தின்கிறது என்று கணக்கிடுவார். சர்வருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை, சர்வர்களை அடுக்கிய ராக் எனும் அலமாரி ஒவ்வொன்றிலும் அளப்பார். 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு தரும் பரிந்துரை. பயத்தில் அறையையே 18-க்குக் கீழே உறையவைத்திருக்கும் மையங்களும் உண்டு. ராக்கில் சர்வர் இல்லாத இடைவெளிகளை அடைக்காமல் விட்டிருப்பார்கள். ஏசி போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைத்த கதைதான் அது. காற்றாடிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அவை இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது உங்கள் மகன் பாடத்தில் படித்த விதிதான். ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கவேண்டும் என்று யூ.பி.எஸ்.களை இரட்டையாக வைப்பதால், இரண்டும் குறைந்த சுமையில் ஓடி மின்சாரத்தை வீணாக்கும். அதற்காக ஒன்றை நிறுத்திவிடுங்கள் என்று எழுதிவிட முடியாது. இங்கே சேமிப்பைவிட, மையம் நொடிகூட நிற்காமல் இருப்பதுதான் பெரிது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற அந்த நிதானம் தளத்தில் நின்றவருக்கே வரும்.

இன்னொரு நுணுக்கம். பயனில்லாத சர்வர்களை அணைத்தால் மின்கட்டணம் குறையும். ஆனால் வகுக்கும் எண்ணும் குறைவதால் பி.யூ.இ. கூடிவிடும்! பி.யூ.இ.யை மட்டும் துரத்துபவர் இங்கே ஏமாந்துபோவார். நேர்முகத் தேர்வில் இதை விளக்கத் தெரிந்த மாணவரை நான் வேலைக்கு எடுப்பேன்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பி.இ.இ. எனும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம்தான் இந்தத் தொழிலுக்கான சான்றிதழை வழங்குகிறது. அதற்குத் தேசிய அளவில் தேர்வு உண்டு. எரிசக்தி மேலாளருக்கு மூன்று தாள். தணிக்கையாளருக்கு நான்காவது தாளும் சேரும். பொறியியல் பட்டதாரிக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும், டிப்ளமோ படித்தவருக்கு 6 ஆண்டு. அந்த அனுபவம் எரிசக்தியைப் பயன்படுத்தும் இயக்கம், பராமரிப்பு, திட்டமிடல் போன்ற பணிகளில் இருக்க வேண்டும். நீங்கள் வெறுக்கும் அந்த ஷிப்ட் வேலை அப்படியே கணக்கில் வரும். மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதிய மூன்று ஆண்டைக் காட்டி இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே "முதலில் ஐ.டி.யில் சேரட்டும், பிறகு மாறிக்கொள்ளலாம்" என்ற உங்கள் யோசனை இந்த ஒரு பாதைக்கு மட்டும் பொருந்தாது.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் அந்தப் பணி ஆணையில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம். தீபாவளி இரவிலும் ஷிப்ட் வரும். ஜெனரேட்டர் அறையின் இரைச்சலில் நிற்க வேண்டும். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று உடனடி நெருக்கடி இருந்தால் மகனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

சில வாரங்களில் "தரவு மையத் தணிக்கையாளர்" ஆக்கிவிடுவதாகச் சொல்லிப் பெரும் தொகை கேட்கும் பயிற்சிகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். தேர்வுக்கான நான்கு வழிகாட்டி நூல்களையும் பி.இ.இ. தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. மூன்றாம் நூல் மின் கருவிகள், குளிரூட்டல் பற்றியது. இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். மின் பொறியியல் மாணவர்கள் வெப்ப இயக்கவியலைக் கண்டால் ஒதுங்குவது வழக்கம். இவர் ஒதுங்கக் கூடாது.

பணியில் சேரும் முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். மின்சாரம், குளிரூட்டல் பராமரிப்பில் போடுவார்களா, அல்லது திரையைப் பார்த்து அலாரம் அடித்தால் தொலைபேசியில் சொல்லும் வேலையா? சம்பளம் தருவது மையமா, ஒப்பந்த நிறுவனமா? ஒப்பந்த நிறுவனமானாலும் குறையில்லை. ஆனால் விலகும்போது தரும் அனுபவச் சான்றிதழில் எந்தக் கருவிகளை இயக்கினார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று தெளிவாக எழுதித் தருவார்களா என்பதை இப்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.