பத்தாம் நம்பர் சாலை எங்கே போனது?

(பதில் சொல்பவர்: நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கடலூர்)

எங்கள் ஊர் வழியாகப் போகும் கடலூர் - சின்னசேலம் சாலையை மாநில நெடுஞ்சாலை 10 என்பார்கள். கிலோமீட்டர் கல்லின் தலை பச்சையாக இருக்கும். இப்போது மஞ்சள் கல், 532 என்று எண். பழைய சாலையை ரத்து செய்துவிட்டார்களா ஐயா?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

சாலை அப்படியேதான் இருக்கிறது அம்மா, எண்தான் போய்விட்டது. குள்ளஞ்சாவடி, உங்கள் ஊர், வடலூர், மந்தாரக்குப்பம், விருத்தாசலம் என்று அதே ஊர்கள், அதே வளைவுகள். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி மத்திய அரசு அரசிதழில் அறிவித்துவிட்டால், அந்தச் சாலை மாநிலக் கணக்கிலிருந்து தேசியக் கணக்குக்குப் போய்விடும். மாநிலத்துக்குப் பச்சை, தேசியத்துக்கு மஞ்சள். அதனால்தான் கல்லின் நிறமும் மாறியது.

பத்தாம் நம்பர் என்றாலே எனக்குத் தைப்பூசம்தான். வடலூர் ஜோதி தரிசனத்துக்கு ஜனங்கள் ராத்திரியெல்லாம் நடந்து வருவார்கள், பாதிப் பேர் செருப்பில்லாமல். அதற்கு முந்தின வாரமே சாலைப் பணியாளர்களோடு இறங்கிவிடுவோம். ஓரத்துக் கருவேல முள்ளை வெட்டி, வெட்டியதை அள்ளி, தாரோரம் சிதறிக் கிடக்கும் ஜல்லியைப் பெருக்கித் தள்ள வேண்டும். ஒரு முள்ளை விட்டாலும் அது யாரோ ஒருவர் காலில் ஏறும். கடைசியாகக் கற்களுக்கு வர்ணம்: உடம்புக்கு வெள்ளை, தலைக்குப் பச்சை, எழுத்துக்குக் கறுப்பு. அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போடும் பழைய கல்லில் ஒன்றையாவது உங்கள் ஊரில் பத்திரமாக வையுங்கள் அம்மா, கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளம் விழுந்தால் இனி மாநிலச் சாலைக் கோட்டத்தில் மனு கொடுத்து அலைய வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கு எழுதுங்கள்.

அது ஏன் 532?
- வாசகர், நெய்வேலி

கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. சென்னையிலிருந்து திண்டிவனம், புதுச்சேரி, கடலூர் வழியாகத் தெற்கே இறங்குவது 32. அதன் கிளைகளில் ஒன்று 532, விழுப்புரம் - புதுச்சேரி சாலை 332. எல்லாம் 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது வந்த முறை. அதற்கு முன் 66 என்றால் புதுச்சேரி - கிருஷ்ணகிரி சாலை. இப்போது அந்த எண் மேற்குக் கரையில், பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடுகிறது.

மதுக்கடைக்காக மாநில நெடுஞ்சாலையை நகராட்சிச் சாலையாக மாற்றுவது சரியா?
- வாசகர், புதுச்சேரி

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே பல மாநிலங்கள் ஊருக்குள் போகும் சாலைகளை நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தன. நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. சட்டப்படி சரி என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. சாலைக்குத் தரம் வைப்பது அதில் ஓடும் வண்டிகளையும் அது சேர்க்கும் ஊர்களையும் பார்த்து. நகராட்சி தலையில் கட்டிவிட்டால், அடுத்த மழைக்குப் பிறகு தார் போடும் செலவும் நகராட்சிக்குத்தான்.