கயாக்கில் ஸ்ட்ரைப்பர்: கேட்டவற்றுக்குப் பதில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் கயாக்கில் (துடுப்புப் போடும் சின்னப் படகு) ஸ்ட்ரைப்ட் பாஸ், அதாவது ஸ்ட்ரைப்பர் என்கிற வரி போட்ட மீன், பிடிப்பது பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளில் பாதி இரையைப் பற்றி. நான் குளிரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அண்ணா, மே மாசம் நல்ல வெயில். டி-ஷர்ட், லைஃப் ஜாக்கெட் போதாதா?

போதாது. வெயில் உங்கள் தலைக்குத்தான், தண்ணீர் அப்போதும் 10, 12 டிகிரி செல்சியஸில்தான் கிடக்கும். விழுந்த உடனே மூச்சு நம் பேச்சைக் கேட்காது, கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும், அப்புறம் கயாக்கில் ஏறுவது எங்கே? தண்ணீர் உள்ளே புகாத உடையான டிரைசூட் வாங்குங்கள், ராட் (தூண்டில் கம்பு) பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக்கில் லைஃப் ஜாக்கெட் சட்டப்படி கட்டாயம், நான் ஜூலையிலும் கழற்றுவதில்லை. உதவிக்குக் கூப்பிடும் ரேடியோவை உடம்போடு மாட்டுங்கள். நான் ஒருமுறை கவிழ்ந்தபோது அது கயாக்கில் மாட்டியிருந்தது. கயாக் மிதந்து போனது, ரேடியோவும் கூடவே போனது. கரை பக்கம் என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவனுக்கு எந்த இரை சார்?

ட்யூப் அண்ட் வார்ம். ஒன்றரை, இரண்டு அடி ரப்பர் குழாய், நுனி முள்ளில் ஒரு கடல் புழு, அவ்வளவுதான். பாறை ஓரமாக, தரையை ஒட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். பெரும்பாலானவர்கள் வேகமாகத் துடுப்புப் போட்டுத்தான் கெடுக்கிறார்கள், குழாய் சோம்பலாகச் சுழன்று வரவேண்டும். குழாய் இல்லாமல் வெறும் இரை மட்டும் போடுவதானால் சர்க்கிள் ஹுக் (நுனி உள்பக்கமாக வளைந்த முள்) கட்டாயம், இல்லையென்றால் முள் குடலுக்குள் போய்விடும், விட்டாலும் மீன் பிழைக்காது.

பெரிய மீன் கவிழ்த்துவிடாதா?

இழுத்துக்கொண்டு போகும், கவிழ்க்காது. உலக சாதனை மீனே 37 கிலோதான், 2011இல் லாங் ஐலண்ட் சவுண்டில் பிடித்தது. தூண்டில் நரம்பு கயாக்கின் முன்பக்கமாகப் போகும்படி ராடைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் விழுவது மீனைத் தூக்கும்போது: தலை கயாக்குக்கு வெளியே போனால் உடம்பும் பின்னாலேயே போகும். ஸ்ட்ரைப்பருக்குக் கடிக்கிற பல் கிடையாது, கீழ்த்தாடையைக் கட்டை விரலால் பிடிக்கலாம். ஆனால் அதே இடத்தில் கூர்மையான பல் உள்ள புளூஃபிஷும் வரும், பார்த்துவிட்டு விரலை விடுங்கள்.

கேப் காட் கால்வாயில் கயாக் இறக்கலாமா?

கூடாது. அங்கே படகிலிருந்து மீன் பிடிக்கத் தடை, கரையில் நின்றுதான். தடை இல்லாவிட்டாலும் அந்த நீரோட்டத்தில் நான் இறங்கமாட்டேன்.

40 அங்குலம் பிடித்தேன், விடச் சொல்லிவிட்டார்களே!

சரியாகத்தான் சொன்னார்கள். 2023 முதல் கடலில் 28இலிருந்து 31 அங்குலம் வரை உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் நாளுக்கு ஒன்று. அவ்வளவு பெரியது அநேகமாகப் பெண் மீன், வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை வைக்கக்கூடியது. இந்த மீன் முட்டையிடும் செசபீக் விரிகுடாவில் 2019 முதல் குஞ்சுகள் வருஷா வருஷம் குறைவு. வயிற்றெரிச்சல் புரிகிறது, எனக்கும் இருந்தது.

குழம்புக்கு ஆகுமா அண்ணா?

ஆகும், கொடுவா மாதிரி கெட்டியான வெள்ளைச் சதை. தோலை ஒட்டியிருக்கும் சிவப்புச் சதையை மட்டும் சீவி எறிந்துவிடுங்கள், கவிச்சி அதில்தான். பிடித்த உடனே ரத்தம் வடித்து ஐஸில் போடுங்கள்.