பழைய குடும்பப் புகைப்படம் ஒன்று உங்களுக்குப் புதிதாக என்ன சொன்னது?

கேள்வியைப் பார்த்ததும் எங்கள் கொள்ளுப்பாட்டியின் படம்தான் நினைவுக்கு வந்தது. மடியில் குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு கேமராவை முறைக்கிறார். மடியில் இருப்பது தாத்தா என்பார்கள். கொள்ளுப்பாட்டி பெரிய கோபக்காரி என்றும் சொல்வார்கள். அவர் முகம் அப்படித்தான் இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்!

போன வருடம் ஃபிரேமின் கண்ணாடி விரிசல் விட்டதால் படத்தை வெளியே எடுத்தேன். (நீங்களும் எடுப்பதாக இருந்தால், படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.) எங்களுடையது ஒட்டவில்லை. ஓரங்களில் மட்டும் நீலமாய் ஒரு உலோகப் பளபளப்பு. படத்தில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் வருவது அது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனேன், நல்லவேளை துடைக்கவில்லை.

ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் இடது கால் புகை மாதிரிக் கலங்கியிருக்கிறது. உதைத்திருக்கிறது போல. வலது காலைக் கொள்ளுப்பாட்டியின் கை பிடித்திருக்கிறது. அவர் கட்டைவிரல் பிஞ்சுச் சதையில் அமுங்கி, நகம் வெளுத்துத் தெரிகிறது. அந்தக் காலத்தில் கேமராவுக்குள் ஃபிலிமுக்குப் பதிலாக வைத்த கண்ணாடித் தட்டுகளுக்கு வேகம் குறைவு, படம் மெதுவாகத்தான் பதியும். வெளிச்சம் போதாவிட்டால் ஓரிரு வினாடியாவது ஆடாமல் இருக்க வேண்டும். கோபம் என்று மூன்று தலைமுறையாக நாங்கள் நினைத்தது, ஒரு வாண்டை அடக்கியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த முகம். அவர் உடையும் கறுப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. அப்போதைய தட்டுகள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது, அதைக் கறுப்பாகவே பதிவு செய்யும்.

அப்புறம் அட்டையைத் திருப்பினேன். பென்சிலில் 1931 என்று இருந்தது. தாத்தா பிறந்தது 1934.

அத்தைக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "எத்தனை பிள்ளைங்கன்னு யாராவது கேட்டா பாட்டி அஞ்சுன்னுதான்டா சொல்லுவாங்க. நாலுதானே பாட்டி, எண்ணிக்கை மறந்துபோச்சான்னு நாங்க எல்லாரும் சிரிப்போம். அவங்களும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."