பழைய ராக் பாட்டும் மிச்ச இடத்து 'ஹோட்டல் கலிபோர்னியா'வும்

கேள்வி: 1970களின் ராக் பாடல்களை இன்று கேட்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? அந்த இசை உண்மையிலேயே அவ்வளவு சிறப்பா, இல்லை வெறும் பழைய நினைவு மயக்கமா?

எனக்கு நினைவு வருவது பாட்டைவிட அந்தக் கேசட்தான். லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம் 1971இல் வந்தது. கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்'. அதோடு ஆல்பம் முடிகிறது, உலகத்துக்கே அது தெரியும். என் காதுக்கு மட்டும் முடியாது. அந்தப் பாட்டு நின்ற அடுத்த நொடி ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' கிடார் தொடங்கியாக வேண்டும். இன்றைக்கும் போனில் கேட்டுக்கொண்டே வந்து, அந்த இடத்தில் அமைதியாகிவிட்டால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும்.

காரணம் சொல்கிறேன். 1980களின் கடைசியில் மெட்ராஸில் ரெக்கார்டிங் கடை இல்லாத பேட்டையே கிடையாது. சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டுகள் (பெரிய இசைத்தட்டுகள்), கல்லாப் பக்கத்தில் கேசட்டில் பதிவு செய்ய இரண்டு மூன்று டெக், வாசலில் ஒரு ஸ்பீக்கர். நீளத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, ப்ளாங்க் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டியது. சில நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியது. பெரும்பாலான கடைகளில் சினிமாப் பாட்டு மட்டும்தான். இங்கிலீஷ் ரெக்கார்டு வைத்திருக்கும் கடை அபூர்வம். எங்களுக்கு அப்படி ஒன்று வாய்த்தது. கடைக்கார அண்ணனுக்கு அந்தப் பாட்டுகளில் பெரிய பிடிப்பு இருந்ததா என்று தெரியாது, ஆனால் ரெக்கார்டுகளைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். ப்ளாங்க் கேசட் மட்டும் பர்மா பஜாரில் வாங்குவோம். டிடிகே, சோனி என்று உறையில் இருக்கும், உள்ளே இருப்பது அதுதானா என்பது அவரவர் ராசி.

இங்கேதான் கணக்கு வருகிறது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். அந்த நான்காவது ஆல்பமோ 42 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 'ஸ்டேர்வே டு ஹெவன்' முடியும்போது 22 நிமிடம் ஆகியிருக்கும். அடுத்து 'மிஸ்டி மவுண்டன் ஹாப்' ஒன்றுக்கு இடம் இருக்கும். அதற்கும் அடுத்த 'ஃபோர் ஸ்டிக்ஸ்' நடுவழியில் அறுந்துபோகும். அண்ணன் நேர்மையானவர். அறுந்த பாட்டை பி பக்கத்தில் முதலிலிருந்து திரும்பப் போட்டு, மிச்சத்தையும் முடித்துவிடுவார். அப்படியும் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். காசு கொடுத்த பையனிடம் காலி டேப்பைக் கொடுப்பாரா?

"மிச்ச இடத்துல நல்லதா ரெண்டு போட்டுட்டேன் தம்பி" என்பார்.

அந்த நல்லது இரண்டில் ஒன்று 'ஹோட்டல் கலிபோர்னியா', இன்னொன்று டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. இரண்டுக்கும் லெட் செப்பலினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று அமெரிக்கப் பாட்டு, 1976 கடைசியில் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. மற்றது 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி தீப்பிடித்து எரிந்த கதை. அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவன் ஒளிக்குண்டு சுட, கட்டடமே போய்விட்டது. அங்கே ரெக்கார்டிங் செய்யப் போயிருந்த டீப் பர்ப்பிள் ஆட்கள் ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்து எழுதியது. இதெல்லாம் எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் பி பக்கத்தில் லெவி, கலிபோர்னியா, ஸ்மோக் என்ற வரிசைதான்.

வருடங்களும் அப்படித்தான் கலந்துபோயின. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர்களுக்கு 1969 வேறு, 1976 வேறு. ஒரே வீட்டில் அண்ணன் கேட்டது வேறு, தம்பி கேட்டது வேறு. பாதிக் குழுக்கள் கலைந்து, சிலர் இறந்தும் போன பிறகு அவை எங்களுக்கு ஒரே பையில் வந்து சேர்ந்தன. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானம் 1980இலேயே போய்விட்டார். நாங்கள் அவரைப் புது ஆள் மாதிரி கண்டுபிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஆகவே யாராவது 'எழுபதுகளின் ராக்' என்றால் எனக்கு மனதில் வருவது 1989 வாக்கில் ஒரு ஹாஸ்டல் அறை. கொடியில் ஈரத்துண்டு, ஜன்னலில் பக்கெட், கட்டிலின்மேல் பானாசோனிக் டூ இன் ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது), செமஸ்டருக்குப் படிக்காத நாலு பேர்.

பென்சிலால் டேப்பைச் சுற்றிய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன். யாரும் அதிகம் சொல்லாத ஒன்று ஸ்பீடு. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும் என்பது விதி. பெல்ட் தளர்ந்த டெக்குக்கு விதி தெரியுமா? பதிவு செய்யும் டெக் கொஞ்சம் மெதுவாக ஓடி, கேட்கிற டெக் கொஞ்சம் வேகமாக ஓடினால் பாட்டு மேலே ஏறிவிடும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் சரியாக அரைக்கட்டை. எங்கள் அறையில் கிடார் வாசித்த நண்பன் ஒருவன் முழுக்க முழுக்க அந்த டூ இன் ஒன்னைக் கேட்டே கற்றுக்கொண்டான். கிடாரையும் அதற்கே சுருதி சேர்த்திருந்தான். கல்லூரி விழாவுக்காக வேறு துறைப் பையன் கீபோர்டோடு வந்து உட்கார்ந்த அன்றுதான் தகராறு. இருவரும் அவரவர் சுருதி சரி என்று சாதித்தார்கள். கீபோர்டை மாற்ற முடியாது என்பதால் கிடார் இறங்கி வந்தது. அன்றிலிருந்து அவன் வாசித்த 'ஹோட்டல் கலிபோர்னியா' எங்களுக்கு என்னவோ சோர்வாகவே கேட்டது. அதுதான் ஒரிஜினல் சுருதி!

இன்னொரு கூத்து 'ஹோல் லாட்டா லவ்'. லெட் செப்பலினின் 1969இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு. கடைசிப் பகுதியில் பாடகர் ராபர்ட் பிளான்ட் கத்துவதற்கு முன்னாலேயே அதே கத்தல் தூரத்தில் மெல்லியதாகக் கேட்கும். ஆவி வந்து முதலில் பாடிவிட்டுப் போகிற மாதிரி. டேப் சுருளில் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்வது எங்களுக்குப் பழக்கமானதுதான், மலிவு கேசட்டில் அடிக்கடி நடக்கும். நண்பன் ஒருவன் கேசட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனான்.

"அண்ணே, காசு வாங்கிட்டு இப்படியா பண்றது?"

அவர் ஒன்றும் பேசவில்லை. ரெக்கார்டை எடுத்து, துணியால் துடைத்து, ஊசியை அந்த இடத்தில் வைத்தார். அங்கேயும் ஆவி இருந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ மாஸ்டர் டேப்பிலேயே ஒட்டிக்கொண்ட சத்தம் அது. அதைப் போக்க முடியாமல், எக்கோ சேர்த்து வேண்டுமென்றே செய்தது போல ஆக்கிவிட்டார்கள் என்று மிக்ஸிங் செய்த எடி கிரேமர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நண்பன் அன்று இன்னொரு ப்ளாங்க் கேசட் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்தான், பேச்சு மூச்சில்லாமல்.

பிங்க் ஃபிளாய்டு குழு மட்டும்தான் எங்களைச் சோதிக்காமல் விட்டது. 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' சுமார் 43 நிமிடம், 'விஷ் யூ வேர் ஹியர்' சுமார் 44. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஒன்றாக அச்சு அசலாக உட்கார்ந்துவிடும். அந்த அளவைப் பார்த்துத்தான் ஆல்பம் போட்டார்களோ என்றுகூடச் சொல்வோம். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது சொச்ச நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும் என்பது நிஜக் காரணம். ஆனால் எல்பியை நடுவில் திருப்பிப் போட வேண்டும் அல்லவா? அண்ணன் 'பாஸ்' (pause) பட்டனை அழுத்தி டெக்கை நிறுத்திவிட்டுத் திருப்புவார். ஊசி வைத்ததும் ஒரு கரகரப்பு, ஒரு 'டொக்', அதன்பிறகு 'டார்க் சைட்' இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டான 'மனி'யின் சில்லறைச் சத்தம். 2002இல் பிங்க் ஃபிளாய்டில் முன்பு இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது போயிருந்தேன். அத்தனை பெரிய கூட்டம், அத்தனை துல்லியமான ஒலி. 'மனி' தொடங்குமுன் அந்தக் கரகரப்புக்காக என் காது காத்திருந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் ஒருவர் அதே இடத்தில் வாயாலேயே "டொக்" என்றார். ரெக்கார்டிங் கடைக் கேசட் பார்ட்டி!

இதையெல்லாம் வைத்து, கேசட் ஒலிதான் உயிருள்ள ஒலி, இப்போது வருவதெல்லாம் பொட்டலம் என்று பேசுபவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2014இல் லெட் செப்பலின் கிடார்காரர் ஜிம்மி பேஜ் தானே மேற்பார்த்து அந்த நான்காவது ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீராக்கி, வெளியிட்டார். நல்ல ஹெட்போனில் லெவி பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தது அது. அடி விழுந்ததும் அந்தக் கூடத்தின் உயரம் காதில் தெரிகிறது. எங்கள் டூ இன் ஒன்னில் அது தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) கதை இன்னும் மோசம். எல்பியில் இடம் போதாமல் பல பாட்டுகளைச் சுருக்கியிருந்தார்கள். முழு நீளம் சிடியிலும் கம்பெனி கேசட்டிலும்தான். எல்பியிலிருந்து பதிவு செய்த எங்களுக்குக் கிடைத்தது வெட்டுப்பட்ட வடிவம். பின்னால் சிடியில் கேட்டபோது, 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்' பாட்டின் முன்னால் இல்லாத டிரம்பெட் எங்கிருந்து வந்தது என்று திகைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் பாட்டு சாக்ஸபோனில்தான் தொடங்குகிறது, என்ன செய்ய.

சரி, கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவை வாழ்நாள் முழுக்க அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியலில் சொல்கிறார்கள். நம் பதின்ம வயதுப் பாட்டு நம்மை உலுக்குவதற்கு அது போதுமான விளக்கம். ஆனால் 2013இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்ஸல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் சுவாரஸ்யமாகப் பட்டது. இருபது வயதுக்காரர்களிடம் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் பிறக்கும் முன் வந்த பாட்டுகளிலும், பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளுக்குச் சொந்த நினைவுகள் தனியாக உயர்ந்து நின்றன. வீட்டில் யாரோ போட்டுக் கேட்டது பிள்ளைகளுக்குள் போயிருக்கிறது. என் மகள் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கேட்டால் எங்கள் பழைய காரின் பின்சீட்டு ஞாபகம் வருகிறது என்கிறாள். மாந்த்ரோவில் எரிந்த விடுதி, என் ஹாஸ்டல், அவளுடைய பின்சீட்டு: ஒரே நாலு சுரம்.

ஆகவே மயக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் நல்ல பாட்டு' என்பதில் ஒரு ஏமாற்று உண்டு. 1972இல் லண்டனில் எத்தனையோ சொத்தை ஆல்பங்கள் வந்திருக்கும். அவற்றில் எதுவும் கப்பலேறி, கைமாறி, மெட்ராஸில் ஒரு ரெக்கார்டிங் கடைச் சுவர் வரை வரவில்லை. வந்த ஐம்பதோ நூறோ பதினைந்து வருடம் சலித்துத் தப்பியவை. அதிலும் அண்ணன் மிச்ச இடத்துக்கு என்று எடுப்பவை பத்துக்குள்தான். இன்று வெள்ளிக்கிழமைதோறும் வந்து குவிகிற புதுப் பாட்டுகளைச் சலிக்காமல் அப்படியே கேட்டுவிட்டு, அந்தச் சலித்த நூறோடு ஒப்பிடுவது நியாயமில்லை. லெவியின் டிரம்ஸ் மாதிரி ஒன்றை இன்று யாராவது செய்தால் அதுவும் நிற்கும். நமக்குத் தெரிய பதினைந்து வருடம் ஆகும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, தெரிந்தவர்கள் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். அந்த பி பக்கத்தில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' முடிந்த பிறகும் இரண்டு நிமிடத்துக்கு டேப் மிச்சம் இருந்தது. அண்ணன் அதையும் விடவில்லை. பாட்டு வரி இல்லாமல் ஒற்றை கிடார், நிதானமாக, நைலான் கம்பி மாதிரி சத்தம். பின்னாலிருந்து ஒரு ஆர்கன் நுழைகிற இடத்தில் டேப் தீர்ந்துவிடும். லேபிளில் அதற்குப் பெயர் எழுதவில்லை. கேசட் வீடு மாறியதில் தொலைந்துவிட்டதால் போனில் பிடித்துக் காட்டவும் வழியில்லை. ஃபிளாய்டு இல்லை, ஜெத்ரோ டல் இல்லை, இரண்டையும் முழுக்கத் தேடிவிட்டேன். ஜெனிசிஸ் என்று சொல்ல வருபவர்கள் எந்த ஆல்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.